பின்னால் ஆறு பல் கூட்டி, முன்னால் நாலு பல் குறைத்து

கொல்லிமலையில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை நிற்கும். காரில் போகிறவர்களுக்கு அது வேடிக்கை. கேரியரில் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறுகிறவனுக்கு அதுதான் கடிகாரம், அதுதான் மைல் கல். முதல் தடவை நான் ஏறியபோது 23-வது பலகையருகே வலது முட்டியின் உட்புறம் ஒரு குத்தல் தொடங்கியது. 31-ல் இறங்கி நின்றேன். 40-க்கு மேல் பாதி நடை, பாதி மிதி. செம்மேடு போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அறையில் படுத்தவன் எழவில்லை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய், அங்கிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும் என்று ஆறு மாதமாகத் திட்டம் போட்டிருந்தேன். அந்த முட்டியோடு அது நடக்கிற காரியமில்லை.

ஊருக்குத் திரும்பியதும் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: இன்னும் பயிற்சி வேண்டும். நானும் நம்பினேன். இரண்டு மாதம் விடியற்காலையில் எழுந்து மருதமலைச் சாலையில் ஏறி இறங்கினேன். பலன் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. கொல்லிமலையில் எனக்கு மூச்சு வாங்கவேயில்லை. நண்பரோடு பேசிக்கொண்டேதான் ஏறினேன். நெஞ்சில் தெம்பு மிச்சம் இருந்தது, கால்தான் நின்றுபோனது. பயிற்சி போதாதவனுக்கு முதலில் மூச்சல்லவா முட்ட வேண்டும்?

அதற்கு விடை சைக்கிளின் பின்சக்கரத்தில் இருந்தது. உட்கார்ந்து பற்களை எண்ணியபோதுதான் தெரிந்தது.

என்னுடையது ஷிமானோ கம்பெனியின் சோரா கியர் வரிசை பூட்டிய சாதாரண ரோடு பைக். முன்னால், பெடல்கள் மாட்டிய கிராங்கில் இரண்டு செயின்ரிங், அதாவது முன் பல்சக்கரம், 50 பல்லும் 34 பல்லும். பின்னால் ஒன்பது பல்சக்கரங்கள் அடுக்கிய கேசட். அதில் சின்னது 11 பல், பெரியது 28. ஆக, என்னிடமிருந்த மிக லேசான கியர் முன்னால் 34, பின்னால் 28. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 34/28, அதாவது 1.21 சுற்று சுற்றும். 28 மில்லிமீட்டர் டயரின் சுற்றளவு சுமார் 2.14 மீட்டர் என்பதால் ஒரு சுற்றுக்கு சைக்கிள் ஏறக்குறைய 2.6 மீட்டர் நகரும். சமவெளியில் இது மிக லேசு. யாரும் அதைத் தொடக்கூட மாட்டார்கள். மலையில் அப்படியில்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்குக் கண் திறந்தது. நான் 68 கிலோ. சைக்கிள் 11 கிலோ. பைகள், தண்ணீர், டூல்ஸ் எல்லாம் சேர்த்து இன்னொரு 11. மொத்தம் 90 கிலோ. மணிக்கணக்கில் விடாமல் என்னால் மிதிக்க முடிந்தது சுமார் 136 வாட். என் உடல் எடையில் கிலோவுக்கு 2 வாட். ஓய்வு நாட்களில் சைக்கிள் ஓட்டுகிற, வேலைக்குப் போகிற ஒரு ஆளுக்கு இது நியாயமான அளவு. 8 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயர்கிற சாலையில், இந்தச் சக்தி 90 கிலோவை மணிக்கு ஆறேகால் கிலோமீட்டர் வேகத்தில் தள்ளும். அதற்கு மேல் தள்ளாது. அந்த வேகத்தில் 34/28 கியரில் கிராங்க் நிமிடத்துக்கு 40 சுற்றுதான் சுற்றும்.

நாற்பது! சமவெளியில் 80, 85 என்று சுற்றிப் பழகிய கால், மலையில் அதில் பாதி வேகத்தில் ஒவ்வொரு மிதியையும் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. 170 மில்லிமீட்டர் கிராங்கில் 136 வாட்டை 40 சுற்றில் கொடுக்க, பெடலின் மேல் சராசரியாக 19 கிலோவுக்கும் கூடுதலான எடையை வைத்து அழுத்த வேண்டும். சராசரிதான் அது. கால் கீழே இறங்கும் நடுக்கட்டத்தில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விழும். மணிக்கு 2,400 தடவை. அதே 136 வாட்டை 55 சுற்றில் கொடுத்தால் சராசரி 14 கிலோவாக இறங்கிவிடும். வேகம் அதேதான், சக்தி அதேதான், மலை அதேதான். முட்டியின் மேல் விழும் பாரம் மட்டும் கால்வாசிக்கு மேல் குறைகிறது.

ஆக, என் முட்டி கெட்டுப்போனது பயிற்சியின் குறையால் அல்ல. என் சைக்கிளில் எனக்கான கியர் இல்லை.

கடைகளில் வரும் ரோடு பைக்குகள் பந்தயத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மலையேறும் பந்தயக்காரர் என்னைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தியோடு, ஏழு கிலோ சைக்கிளில், பை எதுவும் இல்லாமல் ஏறுவார். அவருக்கு 34/28 என்பது நிமிடத்துக்கு 80, 90 சுற்று வேகமாகச் சுற்றுகிற கியர். அதையே மூட்டை கட்டிக்கொண்டு போகிற எனக்குக் கொடுத்தால் எப்படிச் சரியாகும்? இத்தனைக்கும் பந்தயக்காரர்களே இப்போது இறங்கி வந்துவிட்டார்கள். ஷிமானோ 2021-ல் வெளியிட்ட டியூரா-ஏஸ், அவர்களுடைய உச்சப் பந்தய வரிசை, அதிலேயே 11-34 கேசட் உண்டு. ஆனாலும் நம் ஊர்க் குழுக்களில் ‘பெரிய கேசட் போட்டால் ஏமாற்று’ என்கிற மாதிரி ஒரு பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு எத்தனை பேர் முட்டியைக் கெடுத்துக்கொண்டு மலைப் பயணத்தையே விட்டிருப்பார்கள்!

இந்தப் பேச்சு புதிதல்ல. நூறு வருஷத்துக்கு மேல் பழையது. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஹென்றி தெக்ராஞ்ச், மாற்றும் கியர் என்பது 45 வயதைத் தாண்டியவர்களுக்கானது என்று 1902-ல் எழுதினார். அவருடைய பந்தயத்தில், ஓடும்போதே செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் டீரெய்லரை அனுமதித்தது 1937-ல்தான். அதுவரை ஆல்ப்ஸ், பைரனீஸ் மலைகளின் அடிவாரத்தில் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்தில் இருக்கும் பெரிய பல்சக்கரம் செயினுக்கு வரும்படி திருப்பிப் பூட்டிக்கொண்டு ஏறினார்கள். அதே பிரான்ஸில், அதே காலத்தில், சாந்த் எத்தியேன் ஊரில் பால் த விவி என்று ஒருவர் இருந்தார். 1853-ல் பிறந்தவர், வெலோசியோ என்ற பெயரில் எழுதியவர், ‘லெ சிக்லிஸ்ட்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். ஊருக்கு அருகில் 1,161 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோல் த லா ரெப்யூப்ளிக் கணவாய்ச் சாலையில் ஏறி ஏறியே பல கியர் சைக்கிள்களைச் சோதித்தார். அவர் நீண்ட தூரம் ஊர் சுற்றுகிறவர், பந்தயக்காரர் அல்ல. மலையில் லேசான கியர் வேண்டும் என்று அவர் வாதாடியதற்குக் காரணமும் அதுதான். பயணிகளுக்கு அவர் சொன்ன ஏழு விதிகள் இன்றும் சைக்கிள்காரர்களிடையே புழங்குகின்றன. பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்று போகும் அந்த வரிசையில் கடைசி விதி, வீம்புக்காக ஒருபோதும் மிதிக்காதே என்பது. கொல்லிமலைக்குப் போவதற்கு முன் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

கியரைக் குறைக்க இரண்டு வழி. பின்னால் பல்லைக் கூட்டலாம், முன்னால் பல்லைக் குறைக்கலாம். பின்னால் கூட்டுவது சுலபம், செலவும் குறைவு. அதனால் அதிலிருந்து தொடங்கினேன். 11-28 கேசட்டை எடுத்துவிட்டு 11-34. எண்ணிக்கையில் ஆறு பல்தான் கூடுதல். ஆனால் 34/34 என்றால் ஒன்றுக்கு ஒன்று. கிராங்க் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. அதே மலையில் 40 சுற்று 49 ஆகிவிடும்.

கேசட்டை மட்டும் வாங்கிப் போட்டால் வேலை முடிந்துவிடாது. இங்கேதான் நான் அடிபட்டேன். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பின்பக்க டீரெய்லருக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, எவ்வளவு பெரிய பல்சக்கரத்தின் அடியில் அது உரசாமல் நிற்கும் என்பது. இன்னொன்று, செயினின் எவ்வளவு தொய்வை, உருளைகள் மாட்டிய அதன் கூண்டு இழுத்துப் பிடிக்கும் என்பது. இரண்டாவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முன் ரிங் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், பின் கேசட்டின் பெரியதுக்கும் சின்னதுக்கும் உள்ள வித்தியாசம், இரண்டையும் கூட்ட வேண்டும். 50/34-க்கு 16. 11-28-க்கு 17. மொத்தம் 33. கேசட்டை 11-34 ஆக்கினால் 16-உம் 23-உம் சேர்ந்து 39 ஆகிவிடும். என் சைக்கிளில் இருந்த குட்டைக் கூண்டு அதைத் தாங்காது.

நான் கொடுத்த கடையில் இதை யாரும் சொல்லவில்லை. கேசட்டை மாற்றினார்கள், கேபிளை முறுக்கினார்கள், அனுப்பிவிட்டார்கள். டீரெய்லர் அதேதான், செயினும் அதே பழைய நீளம்தான். கடையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன மேம்பாலத்தில், முன்னால் பெரிய ரிங்கில் இருந்தபடியே பின்னால் பெரிய பல்லுக்கு மாற்றினேன். செயின் விறைத்து நின்றது. அடுத்த நொடி ஒரு முறிகிற சத்தம். டீரெய்லர் முன்னோக்கி இழுபட்டு, அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்து, கூண்டு ஸ்போக்கில் மாட்டி, சக்கரம் பூட்டிக்கொண்டது. மெதுவாகப் போனதால் விழாமல் காலை ஊன்றிவிட்டேன். இது மலையிலிருந்து இறங்கும்போது நடந்திருந்தால் என்று அப்போது வந்த நடுக்கம் இன்றும் நினைவிருக்கிறது. அதனால் இதைப் படிக்கிறவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். கேசட்டைப் பெரிதாக்கினால் புதுச் செயினும் வாங்குங்கள். நீளம் பார்க்க எளிய முறை இருக்கிறது. டீரெய்லருக்குள் விடாமல், முன்னால் பெரிய ரிங்கையும் பின்னால் பெரிய பல்லையும் சுற்றி செயினை இழுத்துப் பிடித்து, அது சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூடுதலாக விட வேண்டும். அப்புறம் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, கையால் சுற்றி, பெரிய ரிங்கையும் பெரிய பல்லையும் ஒருசேரப் போட்டுப் பாருங்கள். அந்த இணைப்பில் ஓட்டக் கூடாது என்பது உண்மை. ஆனால் களைத்துப்போன ஒரு மாலையில் கை தெரியாமல் போடும். அப்போது சைக்கிள் உடையக் கூடாது.

உடைந்ததைச் சரிசெய்ய வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அறுபது வயதிருக்கும். வளைந்த ஹேங்கரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, மலைக்குப் போறவங்களுக்கு நீளக் கூண்டுதான் போடணும், எம்டிபி டீரெய்லரே போட்டுடலாம்” என்றார். ரோடு பைக்குக்கு எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் டீரெய்லரா என்று தயங்கினேன். அவர் சொன்னது சரிதான். ஷிமானோவில் 9 கியர் வரைக்கும் ரோடு லீவரும் எம்டிபி டீரெய்லரும் ஒரே அளவில்தான் கேபிளை இழுக்கும். ஒரு கிளிக்குக்கு ஒரு பல்சக்கரம், துல்லியமாக நிற்கும். 10 கியர் எம்டிபியில் அந்த விகிதத்தை மாற்றிவிட்டார்கள், அதிலிருந்து கலந்து போட்டால் சேராது. என்னுடையது 9 என்பது அன்றைக்கு அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. ஷிமானோவின் எம்டிபி வரிசையான அலிவியோவில் நீளக் கூண்டு டீரெய்லர் ஒன்று பூட்டினார். அது 40-க்கு மேலும் தொய்வைத் தாங்கும். மேல் உருளை 34 பல்லோடு உரசாமல் இருக்க, டீரெய்லரின் பின்னால் இருக்கும் பி-ஸ்குரூவை உள்ளே திருகினார். நூலிழை இடைவெளி வந்ததும் நிறுத்தினார். எல்லாம் அரை மணி நேரம்.

இத்தோடு நிறுத்தியிருந்தாலே பலருக்குப் போதும். மூட்டை இல்லாமல் ஒரு நாள் மலையேறித் திரும்புகிறவர்களுக்கு 34/34 தாராளம். எனக்கு மூன்று நான்கு நாள் பயணம்தான் ஆசை. மூன்றாம் நாள் காலையில் கால் முதல் நாளைப் போல இருக்காது. நான் கணக்குப் போட்ட 136 வாட் அன்று 110 ஆகியிருக்கும். அதனால் முன்பக்கத்தையும் தொட்டேன்.

50/34 கிராங்கில் ரிங்கைக் கழற்றி இன்னும் சின்னது போடலாமே என்று தோன்றும். முடியாது. அந்தக் கிராங்கில் ரிங்கைப் பிடிக்கும் போல்ட்டுகள் 110 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். 33 பல்லுக்குக் கீழே போனால் செயினுக்கும் போல்ட்டுக்கும் இடம் போதாது. கிராங்கையே மாற்ற வேண்டும். 46/30 என்ற அளவில் இப்போது கிராங்குகள் வருகின்றன. ஷிமானோ 2019-ல் ஜிஆர்எக்ஸ் வரிசையில் ஒன்று கொண்டுவந்தது. சுகினோ, எஃப்எஸ்ஏ ஆகியவற்றிலும் உண்டு. ஜிஆர்எக்ஸ் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ரிங்குகள் வழக்கமான ரோடு கிராங்கைவிட இரண்டரை மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருக்கும். அதற்கென்று செய்த முன் டீரெய்லரோடுதான் அது ஒழுங்காகச் சேரும். நான் எடுத்தது பழைய பாணி சதுர முனை அச்சில் மாட்டுகிற கிராங்க். அதற்காக பிபியையும், அதாவது கிராங்க் சுழலும் அச்சையும், மாற்ற வேண்டியிருந்தது.

முன் டீரெய்லரையும் கீழே இறக்க வேண்டும். 50 பல் 46 ஆனால் ரிங்கின் ஆரம் 8 மில்லிமீட்டர் குறையும். அந்த 8 மில்லிமீட்டரை இறக்காவிட்டால் கியர் மாறும்போது செயின் அலைந்து கழன்று விழும். ஃபிரேமில் பட்டை போட்டுப் பிடிக்கும் வகை என்றால் கவலையில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். என்னுடையது ஃபிரேமிலேயே பற்றவைத்த துளையில் மாட்டுவது. துளையின் கடைசி வரை இறக்கியும் ஒன்றரை மில்லிமீட்டர் போலக் குறைபட்டது. கொஞ்சம் சத்தத்தோடு மாறுகிறது, ஆனால் மாறுகிறது. இரண்டு வருஷமாக அப்படியே ஓட்டுகிறேன்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். 46/11-ல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 48 கிலோமீட்டர். முன்பு 50/11-ல் 52. மூட்டையோடு மலையிலிருந்து இறங்கும்போது நான் மிதிப்பதே இல்லை, பிரேக்கில்தான் கை இருக்கும். அந்த நாலு கிலோமீட்டரை நான் தேடியதே கிடையாது. நிஜமான இழப்பு வேறு இடத்தில். 11-34 கேசட்டில் பற்கள் 11, 13, 15, 17, 20 என்று தாவித் தாவிப் போகும். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை எதிர்காற்றில் ஓட்டும்போது 15 கொஞ்சம் கனம், 17 கொஞ்சம் லேசு. நடுவே 16 இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் கால் ஒரு தாளத்தில் நிற்காது. குழுவாக வேகமாக ஓட்டுகிறவர்களை இது உறுத்தும். எனக்கு மலைதான் முக்கியம், ஏற்றுக்கொண்டேன்.

எவ்வளவு குறைத்தாலும் நல்லதுதானா என்றால், அதற்கும் எல்லை உண்டு. மணிக்கு நாலு, நாலரை கிலோமீட்டருக்குக் கீழே மூட்டை கட்டிய சைக்கிள் ஆடத் தொடங்கும். பின்னால் லாரி வரும் சாலையில் அது ஆபத்து. அந்த வேகத்தில் இறங்கித் தள்ளுவதும் ஒன்றுதான். 30/34-ல் 45 சுற்று சுற்றினாலும் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வரும். நேராக நிற்கும். எனக்கு இதுதான் அளவு.

இந்தக் கியரோடு முதலில் போனது கோத்தகிரி. மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலம் தாண்டி வலப்பக்கம் பிரியும் சாலை, ஏறக்குறைய 33 கிலோமீட்டர், ஆயிரத்து நானூறு மீட்டருக்கும் மேல் ஏற்றம். அது ஜூன் மாதம். குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுக்கும் காலம். பலா வாசனைக்கு யானை சாலைக்கே வரும். அதனால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் ஏறத் தொடங்கினேன். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் கீழேயே மூன்று லிட்டர் நிரப்பிக்கொண்டேன். அதுவே மூன்று கிலோ. முதல் ஆறேழு கிலோமீட்டர் பெரிய ஏற்றம் இல்லை. அதற்குப் பிறகு மலை தொடங்கியது. 30-34 போட்டேன். கால் சுற்றியது. அழுத்தவில்லை, சுற்றியது. இந்த வித்தியாசத்தை மலையில் உணர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். குஞ்சப்பனையில் ஈரச் சாலையின் ஓரத்தில் பாதி தின்று போட்ட பலாச்சுளைகள் சிதறிக் கிடந்தன, யானை லத்தியில் இன்னும் ஆவி போகவில்லை. என்னைப் போலவே கீழிருந்து கிளம்பியிருந்த ஒருவர் நின்று மிதித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். மாமரத்தில் டீக்கடையில் அவர் உட்கார்ந்திருக்க, நான் வந்து சேர்ந்தேன். அரவேனுவில் முதல் தேயிலைச் சரிவு கண்ணில் பட்டபோது முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். குத்தல் இல்லை. கோத்தகிரியில் சாப்பிட்டுவிட்டு, அன்று சாயங்காலமே கோடநாடு காட்சிமுனைக்கும் சைக்கிளிலேயே போய்வந்தேன். மறுநாள் கட்டபெட்டு வழியாக ஊட்டி, அதற்கு மறுநாள் குன்னூர். மூன்றாம் நாள் காலையிலும் முட்டி வலியில்லாமல் படியிறங்க முடிந்தது.

அப்புறம் கொல்லிமலைக்கும் போனேன். 70 பலகையும் மிதித்தே ஏறினேன். மறுநாள் ஆகாய கங்கையின் படிகளை இறங்கி, அருவியின் சாரலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, அத்தனை படியும் திரும்ப ஏறினேன்.

இந்த டிசம்பரில் தம்பியும் வருகிறான். அவனுடையது போன வருஷம் வாங்கிய ரோடு பைக். நேற்று இரவு இருவரும் வாசலில் உட்கார்ந்து, டார்ச் அடித்து, பின்சக்கரத்தில் பற்களை எண்ணினோம். இருபத்தெட்டு.